சிறகின் விலை

உயர வேண்டும் என்னும் வேட்கை மனிதனோடு உடன்பிறந்தது. அவ்வேட்கைக்கு அவன் கண்டுகொண்ட உருவம் பறவை. பிள்ளையை வாழ்த்தும் தாய், ‘சிறகு முளைத்துப் பறந்து போ’ என்கிறாள். மாணவனை ஊக்கும் ஆசிரியர், ‘வானத்தைத் தொடு’ என்கிறார். எனினும், பறவை அந்த வானத்தை என்ன விலை கொடுத்து வாங்கியது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. விலையின்றி வந்த உயர்வு உலகில் எதுவும் இல்லை. பறவையும் விலை கொடுத்தது. அவ்விலை யாது என்பதை அறிவியல் இன்று ஓரளவு தெளிவாகவே கூறுகிறது. மனிதன் தன் உயர்வுக்கு எதை விலையாகக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதோ அறிவியல் மட்டும் விடை கூறிவிட முடியாத வினா. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

மலையில் எழும் வினா

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ளது கேமரன் மலை. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தார். அவர் பெயரே மலைக்கும் பெயராயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சரிவுகளைத் திருத்தித் தேயிலைச் செடியை ஊன்றி, கொழுந்து கிள்ளி, கூடை சுமந்து அத்தோட்டங்களை ஆளாக்கிய கைகளுள் தமிழர்களின் கைகள் முதன்மையானவை. இன்று நிலைமை மாறிவிட்டது. விரலால் கொழுந்து கிள்ளிய இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தமிழர் நின்ற நிரைகளில் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் நிற்கின்றனர். தமிழர் பிள்ளைகளுள் பலர் படித்து, மலையிறங்கி, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். இது வருந்தத்தக்க செய்தி அன்று. தம் பிள்ளை கூடை சுமக்கக் கூடாது என்று கருதித்தான் பெற்றோர் கூடை சுமந்தனர்.

ஆயினும், அந்த மலையில் மாலை வேளையில் நிகழும் ஒரு காட்சியைக் கருதிப் பார்க்கலாம். தீபாவளி விடுமுறை. நகரத்திலிருந்து மகன் காரில் வந்து இறங்குகிறான். உடன் அவன் பிள்ளை. லயத்து வீட்டு வாசலில் பாட்டி. மின்கம்பியில் வரிசையாகக் குருவிகள் வந்து அமர்கின்றன. முதுகு கருநீலம், வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது. ‘அது என்ன பறவை?’ என்று பிள்ளை கேட்கிறது, ஆங்கிலத்தில். பாட்டிக்குக் கேள்வி விளங்கவில்லை. மகனைப் பார்க்கிறாள். மகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பாட்டி சிரிக்கிறாள், பிள்ளையும் சிரிக்கிறது. பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. யாரும் யாரையும் புண்படுத்தவில்லை. குற்றம் எதுவும் நிகழவில்லை. ஆனால் ஏதோ ஒன்று அறுந்துவிட்டது. இம்மலையில் எத்தனையோ வீடுகளில் இது நிகழ்ந்திருக்கிறது.

இதைப் பற்றி இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. ‘மேலே போகிறவன் சுமையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். பழைய மொழி, பழைய உறவு, பழைய வழக்கம் அனைத்தையும் கட்டிக்கொண்டு எவரும் உயர முடியாது’ என்பது ஒன்று. ‘ஒன்றையும் விடக்கூடாது, விட்டவன் வேரற்றவன்’ என்பது மற்றொன்று. இரண்டு கருத்துக்காரர்களும் தத்தமக்குச் சான்றாக அதே பறவையைத்தான் காட்டுகின்றனர். ஒருவர் அதன் இலேசான உடலைக் காட்டுகிறார். மற்றவர் அது கூடு திரும்புவதைக் காட்டுகிறார். எனவே, பறவையையே கேட்டுப் பார்ப்பது முறையாகும்.

பறவை விட்டவை

1861-ஆம் ஆண்டில் செருமனி நாட்டின் பவேரியாப் பகுதியில், சுண்ணாம்புக் கற்படிவில் ஒரு புதைபடிவ எலும்புக்கூடு கிடைத்தது. டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வுயிருக்கு ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்று பெயரிட்டனர். அதற்கு இறகு இருந்தது. ஆகவே அது பறவை. அதற்குப் பல் இருந்தது. சிறகின் முனையில் நகமுள்ள விரல்கள் இருந்தன. நீண்ட எலும்பு வாலும் இருந்தது. ஆகவே அது ஊர்வனவற்றின் உறவு. இன்றைய பறவையை அதனருகே வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் எவையெவை கழிந்தன என்பது விளங்கும்.

பல் போயிற்று. நீண்ட வாலெலும்பு குறுகி, ஒரு சிறு குமிழாக ஒட்டிப்போயிற்று. கைவிரல்கள் ஒன்றோடொன்று இணைந்து சிறகைத் தாங்கும் கம்பாயின. அதனால், பற்றிப் பிடிக்கும் கை இல்லாமல் போயிற்று. சிறுநீர்ப்பை இல்லை. பெரும்பாலான பறவைகளில் பெண்ணுக்கு இடப்புறச் சூலகம் ஒன்றே செயற்படுகிறது. இனப்பெருக்கப் பருவம் கழிந்ததும் அவ்வுறுப்புகளும் சுருங்கி மிகச் சிறிதாகிவிடுகின்றன. அடுத்த பருவம் வரும்வரை அந்த எடையைக்கூடப் பறவை சுமப்பதில்லை.

இவ்வளவையும் கேட்டவுடன் முதல் கருத்துக்காரர் மகிழ்வார். ‘பார்த்தீர்களா, பல்லையும் வாலையும் கையையும் விட்டதனால் அன்றோ அது பறந்தது!’ என்பார். அவர் கூறுவதில் உண்மை உண்டு. எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு எழுந்த உயிர் எதுவும் இல்லை. விடுதல் இன்றி உயர்தல் இல்லை என்பதைப் பறவையின் ஒவ்வோர் உறுப்பும் மெய்ப்பிக்கிறது.

எனினும், கணக்கை அத்துடன் மூடிவிடலாகாது. பறவை எதை விட்டதோ அதன் பணியை விட்டுவிடவில்லை. பல் போன பின்னும் உணவை அரைக்க வேண்டியிருந்தது. அப்பணியை வயிற்றிலுள்ள அரைவைப்பை ஏற்றுக்கொண்டது. தானியம் தின்னும் பறவைகள் சிறு கற்களை விழுங்கி அதில் வைத்துக்கொள்கின்றன. வாலெலும்பு குறுகியபோது, திசை திருப்பும் பணியை விசிறிபோல் விரியும் வாலிறகு ஏற்றது. சிறுநீர்ப்பை இல்லாதபோது, கழிவு நீர்மமாகத் தேங்காமல் வெண்பசையாக வெளியேறும் வழி அமைந்தது. கையின் வேலையை அலகும் காலும் பங்கிட்டுக்கொண்டன. தூக்கணாங்குருவி தன் கூட்டைப் பின்னுவது அலகால்தான். பணி ஒன்றைத் தாங்க வேறு உறுப்பு முன்வந்த இடத்தில்தான் பழைய உறுப்பு விடைபெற்றது. வெறுமனே உதிர்த்துவிட்டுப் பறந்த பறவை எதுவும் இல்லை.

வெறுமை அன்று, ஒழுங்கு

பறவையின் எலும்பு உள்ளீடற்றது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அதனாலேயே அது இலேசானது, அதனாலேயே பறக்கிறது என்று பாடம் முடிந்துவிடும். உண்மை இன்னும் நுட்பமானது. பறவையின் மொத்த எலும்புக்கூட்டை நிறுத்து, அதன் உடல் எடையோடு ஒப்பிட்டால், அதே அளவுள்ள பாலூட்டியின் எலும்புக்கூட்டைவிட அது பெரிதும் குறைவாக இருப்பதில்லை. காரணம், எலும்பு குழலாக இருந்தாலும் அக்குழலின் சுவர் அடர்த்தியானது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, பறவை எலும்பின் அடர்த்தி வௌவால், கொறிணிகள் ஆகியவற்றின் எலும்பு அடர்த்தியைவிட மிகுதி என்று காட்டியது. குழலுக்குள்ளே, பாலத்தின் அடியில் சட்டங்கள் குறுக்கே நிற்பதைப்போல, நுண்ணிய எலும்புக் குறுக்கங்களும் பல இடங்களில் உண்டு.

அப்படியானால் பறவை எலும்பை இழந்ததா? இல்லை. எலும்பின் இடத்தை மாற்றிக்கொண்டது. தேவையற்ற நடுவிலிருந்து எடுத்துத் தேவையான விளிம்பில் செறித்துக்கொண்டது. மூங்கில் உள்ளே வெறுமையானது. ஆயினும் வலிமையற்றது என்று எவரும் கூறார்.

மூச்சும் அவ்வாறே. பெரும்பாலான பறவைகளின் உடலில் ஒன்பது காற்றறைகள் உண்டு. நுரையீரலின் முன்னும் பின்னும் அமைந்த இவ்வறைகளின் உதவியால், காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடுகிறது. மனித நுரையீரலில் புதிய காற்றும் பழைய காற்றும் ஒரே வழியில் வந்து போய்க் கலந்துவிடுகின்றன. பறவையிலோ, மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதுக்காற்று நுரையீரலைத் தொடுகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வந்து சேரும் வரித்தலை வாத்துகள், நடு ஆசிய மேட்டுநிலங்களிலிருந்து இமயத்தைக் கடந்து வருகின்றன. இவ்வினத்துப் பறவையொன்று 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவிகள் பதிவு செய்துள்ளன. மனிதன் மூச்சுத் திணறும் உயரம் அது.

ஆக, பறவையின் இலேசு வறுமையால் வந்தது அன்று, ஒழுங்கால் வந்தது. எதையும் இல்லாதிருத்தல் அன்று. எதையும் உரிய இடத்தில் வைத்திருத்தல். துறவு என்னும் அதிகாரத்தை இயற்றிய வள்ளுவரே இல்வாழ்க்கை, ஒப்புரவறிதல் என்னும் அதிகாரங்களையும் இயற்றினார் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். விடுதலுக்கு ஓரிடம் உண்டு. பேணுதலுக்கும் ஓரிடம் உண்டு. இரண்டையும் அறிந்தவர் அவர்.

இன்னொரு செய்தியும் எண்ணத்தக்கது. 1996-இல் சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில், பறக்கவே இயலாத சிறு தொன்மா ஒன்றின் புதைபடிவம் மென்மயிர் போன்ற இறகுப் போர்வையோடு கிடைத்தது. அதன் பின் அத்தகையன பல கிடைத்தன. இறகு பறப்பதற்காகத் தோன்றியதன்று என்பது இவற்றால் தெளிவாயிற்று. உடற்சூடு காக்கவும் துணையைக் கவரவும் உதவிய இறகு, நெடுங்காலம் கழித்து வானில் ஏறுவதற்கும் உதவிற்று. தரையில் வாழ்ந்த காலத்தின் சொத்தே பின்னர்ச் சிறகாயிற்று. தோட்டத்து லயத்தில் குளிர்காக்கும் போர்வையாக மட்டும் இருந்த சிக்கனம், அண்டை வீட்டார் உதவி, விடியுமுன் எழும் பழக்கம் ஆகியவை, நகரம் சென்ற பிள்ளைக்குச் சிறகாக மாறியதைக் கண்டவர் பலர்.

சிறகை விட்டவை

பறத்தலே எல்லாப் பறவைக்கும் இறுதி நிலை என்று கருதுவதும் பிழை. சிறகைப் பெற்றபின் அதையே விட்ட பறவைகளும் உண்டு. மொரிசியஸ் தீவில் வாழ்ந்த டோடோ அவற்றுள் ஒன்று. பின்னாளில் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அதே மொரிசியஸ்தான். டோடோ புறா இனத்தைச் சேர்ந்தது. இன்று உயிரோடிருக்கும் பறவைகளுள் நிக்கோபார் புறாவே அதற்கு மிக நெருங்கிய உறவு என்பதை மரபணு ஆய்வு 2002-இல் காட்டியது. அதன் முன்னோர் கடல் கடந்து பறந்து வந்தவர்களே. வந்து சேர்ந்த தீவில் வேட்டையாடும் விலங்கு இல்லை. உணவு தரையிலேயே கிடைத்தது. பறப்பதற்குப் பெருஞ்செலவு ஆகும். பயன் இல்லாத செலவை இயற்கை நெடுங்காலம் பொறுப்பதில்லை. சிறகு குறுகியது, உடல் பெருத்தது.

1598-இல் டச்சுக்காரர்கள் அத்தீவில் இறங்கினர். அவர்களோடு பன்றியும் குரங்கும் எலியும் வந்தன. நூறாண்டுக்குள் டோடோ இல்லை. அதனை அறிவற்ற பறவை என்று ஐரோப்பியர் நெடுங்காலம் எள்ளினர். அது அநீதி. தன் தீவின் நிலைமைக்கு அது சரியாகவே பொருந்தி வாழ்ந்தது. நிலைமை மாறியபோது, விட்ட சிறகை அதனால் மீட்க முடியவில்லை. அதுவே அதன் துயரம்.

விட்டது மீளாது என்பதற்குப் பறவையின் உடலிலேயே வேறொரு சான்றும் உண்டு. பல்லின் எனாமலை ஆக்கும் மரபணுக்கள் இன்றைய பறவைகளிடமும் இருக்கின்றன. ஆனால் சிதைந்து, பயனற்றுக் கிடக்கின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அறிந்த மொழியை மறந்த மனிதனின் நாவில், பாட்டி பாடிய தாலாட்டின் ஓரிரு சொற்கள் பொருள் புரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது அது. எஞ்சியிருப்பது அடையாளம் மட்டுமே, ஆற்றல் அன்று. ஆகவே, ஒன்றை விடுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டாகின்றன. இதன் பணியைத் தாங்க வேறொன்று இருக்கிறதா? நாளை தேவைப்பட்டால் இதை மீட்க முடியுமா?

இயற்கை அறநூலா?

இங்கு ஒரு தடையை எழுப்பியே ஆக வேண்டும். பறவை செய்ததால் அது மனிதனுக்கும் நெறியாகுமா? ஆகாது. பறவைகளின் வாழ்வில் போற்றத்தக்கனவாகத் தோன்றுபவை இருப்பது போலவே, அஞ்சத்தக்கனவும் உள்ளன. ஆண் இருவாய்ச்சி, மரப்பொந்துக்குள் அடைபட்டுக் குஞ்சு காக்கும் பெண்ணுக்குப் பல வாரங்கள் உணவு சுமந்து ஊட்டுகிறது. குயிலோ காக்கையின் கூட்டில் முட்டையிட்டு, வளர்க்கும் கடமையை அதன் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. முன்னதைக் காட்டி ‘இல்லறம் காண்க’ என்று கூறுபவர், பின்னதைக் காட்டி என்ன கூறுவார்? இயற்கை அறநூல் அன்று. அதில் அறமும் இல்லை, மறமும் இல்லை. காரணமும் விளைவும் மட்டுமே உள்ளன.

மேலும், இதுவரை ‘பறவை விட்டது’, ‘பறவை கொடுத்தது’ என்றெல்லாம் கூறியது வழக்குப் பற்றியே. எந்தப் பறவையும் ஒரு நாள் காலையில் எழுந்து, ‘இன்று முதல் பல் வேண்டா’ என்று முடிவு செய்யவில்லை. எண்ணற்ற தலைமுறைகளில், சிறுசிறு வேறுபாடுகளுள் பிழைத்தவை பிழைத்தன, அழிந்தவை அழிந்தன. அங்கே தேர்ந்தவரும் இல்லை; பொறுப்பேற்றவரும் இல்லை.

மனிதனின் நிலை வேறு. அவன் ஒரே தலைமுறையில் தேர்கிறான், தெரிந்தே தேர்கிறான். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய் மரங்களில் கூடுகட்டும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்வூர்ச் சிறுவர்களுக்கும் பட்டாசு ஆசை இருக்கும். ஆயினும் விட்டார்கள். அவர்கள் விட்டதற்கும் பறவை பல்லை விட்டதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னது நேர்ந்தது; முன்னது செய்யப்பட்டது. செய்யப்பட்டதற்கே அறம் என்னும் பெயர் பொருந்தும். பழியும் அதற்கே உரியது.

எனவே, பறவை மனிதனுக்கு நெறி வகுத்துத் தருவதில்லை. விலைப்பட்டியலை மட்டும் காட்டுகிறது. ‘இதை விட்டால் இது வரும், இது மீளாது’ என்று காட்டுகிறது. வாங்குவதா வேண்டாவா என்பது மனிதன் பொறுப்பு.

பாட்டு யாருடையது?

அப்பட்டியலில் எல்லாவற்றினும் நுட்பமான பொருள் ஒன்று உண்டு. அது எலும்பிலும் இல்லை, இறகிலும் இல்லை. பாட்டில் இருக்கிறது.

குயில் காக்கையின் கூட்டில் பொரிந்து, காக்கையின் உணவை உண்டு, காக்கையின் குரலைக் கேட்டு வளர்கிறது. ஆயினும் வளர்ந்தபின் குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் பிறவியிலேயே அமைந்தது. கற்பிக்க எவரும் வேண்டா. புறாவும் கோழியும் அத்தகையனவே. பாடும் பறவைகள் என்று பிரித்துக் கூறப்படும் பெருங்கூட்டத்தின் நிலை அதுவன்று. அவற்றின் குஞ்சுகள் மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்டுக் கற்கின்றன. 1950-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் தோர்ப், ஒருவகைக் குருவிக் குஞ்சுகளைத் தம்மினத்தின் பாட்டையே கேளாவண்ணம் தனித்து வளர்த்துப் பார்த்தார். அவை வளர்ந்தபின் பாடின. ஆனால் அப்பாட்டு எளிய, உருக்குறைந்த பாட்டாகவே இருந்தது. குரல் இருந்தது, பாட்டு இல்லை. கற்கும் பருவம் கழிந்தபின் எத்தனை முறை கேட்டாலும் முழுப்பாட்டு வாய்ப்பது அரிது.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் ரீஜண்ட் தேனுண்ணி என்னும் அழகிய பறவை வாழ்கிறது. காடுகள் அழிந்ததால் அதன் தொகை இன்று சில நூறாகச் சுருங்கிவிட்டது. 2021-இல் வெளியான ஆய்வு, அப்பறவைகளைப் பற்றி நெஞ்சைச் சுடும் ஒரு செய்தியைக் கூறியது. இளம் ஆண் பறவைகள் சில, தம்மினத்து மூத்த பறவைகளைக் கண்டுகொள்ளவே முடியாமல், அருகில் வாழும் வேற்றினப் பறவைகளின் பாட்டைக் கற்றுப் பாடுகின்றன. அவை பாடாமலில்லை, உரத்தே பாடுகின்றன. ஆனால், அப்பாட்டு அவற்றின் இனத்துப் பெண் பறவைக்கு அழைப்பாவதில்லை. இனம் முற்றும் அழியுமுன்னே அதன் பாட்டு அழியத் தொடங்கிவிட்டது.

வேற்றுப்பாட்டைக் கற்பது குற்றமா? அன்று. மலேசியக் காடுகளில் வாழும் துடுப்புவால் கரிச்சான் வேறு பல பறவைகளின் குரலை அப்படியே எடுத்துக்காட்ட வல்லது. தன் குரலையும் அது இழப்பதில்லை. பல குரல் அறிந்தது அதற்கு வலிமையே. மலாயும் ஆங்கிலமும் சீனமும் கற்ற தமிழ்ப்பிள்ளை அந்தக் கரிச்சானைப் போன்றது. வேற்று மொழி வருவதால் தாய்மொழி போவதில்லை. தாய்மொழியைப் பாடிக்காட்டும் மூத்தவர் அருகில் இல்லாதபோதுதான் அது போகிறது.

மனிதன் குயிலினத்தைச் சேர்ந்தவன் அல்லன். தமிழ் எவருடைய குருதியிலும் எழுதப்பட்டு வருவதில்லை. தமிழர் வீட்டில் பிறந்த குழந்தையாயினும் கேட்டால்தான் பேசும், பேசினால்தான் நிலைக்கும். பல்லை இழக்கப் பறவைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. மொழியை இழக்க ஒரு குடும்பத்திற்கு ஒரு தலைமுறை போதும். 1957-இல் இந்நாட்டில் 800-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவற்றின் தொகை 500-ஐச் சற்றே தாண்டி நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் மக்கள் நகர்ந்தபோதும் பள்ளிகள் சுருங்கியதற்குக் காரணங்கள் பல. ஆனால் எஞ்சிய பள்ளியின் சிறிய வகுப்பறையில் ஓர் ஆசிரியர் ஐந்து பிள்ளைகளுக்கு முன் நின்று பாடம் சொல்லும்போது, அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர் மட்டுமல்லர். பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் மூத்த பறவை. ஆஸ்திரேலியாவிலும் இன்று அதைத்தான் செய்கின்றனர். வளர்ப்பிடத்தில் பிறந்த தேனுண்ணிக் குஞ்சுகளின் அருகே, காட்டில் பிறந்து பாட்டறிந்த ஆண் பறவைகளை ஆசான்களாக வைத்துப் பாட்டைக் கற்பிக்க முயல்கின்றனர்.

அன்னத்தின் இலக்கணம்

மின்கம்பியில் வந்தமர்ந்த அந்தக் குருவிகளுக்குத் தகைவிலான் என்று பெயர். ஒன்றின் எடை ஏறக்குறைய 20 கிராம். சீனா, சப்பான், சைபீரியா போன்ற வடபுல நாடுகளில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கும்போது தெற்கே இறங்கி மலேசிய மண்ணுக்கு வருகின்றன. இளவேனிலில் மீண்டும் வடக்கே செல்கின்றன. தகைவிலான் பழைய கூட்டையே தேடிச் சென்று சீர்செய்து வாழ்வதும் உண்டு. அத்துணைச் சிறிய உடலில், உதிர்க்கத்தக்க எடை அனைத்தையும் உதிர்த்த உடலில், திரும்பும் வழி மட்டும் உதிராமல் இருக்கிறது. வறுமையால் ஊர் நீங்கிக் குளிரில் நடுங்கிய சத்திமுற்றப் புலவர், வீட்டிலுள்ள மனைவிக்குச் செய்தி சொல்ல நாரையைத் தூதுவிட்டது இதனாலேயே போலும். வழி மறவாத உயிர் என்று அவர் நம்பியது பறவையைத்தான்.

லயத்து வாசலில் நிகழ்ந்ததை மீண்டும் எண்ணிப் பார்த்தால், பிழை பாட்டியிடம் இல்லை என்பது விளங்கும். அவளுக்குத் தெரிந்த பாட்டை அவள் மகனுக்குப் பாடிவிட்டாள். பிழை பேரப்பிள்ளையிடமும் இல்லை. அது கேட்டதைத்தான் பேசுகிறது. இருவருக்கும் நடுவில் நிற்பவனுக்கு இரண்டு மொழியும் தெரியும். பாட்டு அறுவதும் தொடர்வதும் அவனிடத்தில்தான். அவன் உயர்ந்ததைப் பழிப்பதற்கில்லை. லயத்தை விட்டான், கூடையை விட்டான், கடனையும் கள்ளையும் சாதிப் பெருமையையும் விட்டிருந்தால் இன்னும் நன்று. அவை சுமைகள். அவற்றின் பணியை ஏற்க மேலானவை வந்துவிட்டன. அவை மீளாது போனாலும் இழப்பில்லை. தாயோடு தன் பிள்ளை பேசும் மொழியின் பணியை ஏற்க எது வந்திருக்கிறது? நாளை அது வேண்டுமென்று அவனே தேடும்போது எங்கிருந்து மீட்பான்?

அன்னம் பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் பருகும் என்று தமிழ்ப் புலவர்கள் பாடி வந்தனர். பறவையியல் அறிந்தவர் அதை ஏற்பதில்லை. எந்தப் பறவைக்கும் அத்தகைய ஆற்றல் இல்லை. ஆயினும் அப்பாடல்கள் பொய்யல்ல. புலவர்கள் அன்னத்தைப் பற்றிப் பாடவில்லை. மனிதனைப் பற்றியே பாடினர். கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று பிரித்தறியும் ஆற்றல் உலகில் ஓர் உயிருக்கு உண்டென்றால், அது அவனுக்கே உண்டு. பறவைக்குச் சிறகு நேர்ந்தது. மனிதன் தன் சிறகைத் தானே செய்துகொள்ள வேண்டியவன். எதைக் கொண்டு செய்வது என்பதை அவனே தேர்கிறான்.

தகைவிலான்கள் இருட்டும்வரை கம்பியில் அமர்ந்திருக்கும். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் கேள்வியைத் தாய்க்கும், தாயின் விடையைப் பிள்ளைக்கும் எடுத்துச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.